பேக்-12இன் கடைசி நவம்பர்

நவம்பர் 16, 2023, வியாழன் – கோல்ஃபாக்ஸ்

சியாட்டிலிலிருந்து புல்மனுக்கு ஏறத்தாழ 460 கிலோமீட்டர். ஸ்னோகுவால்மி கணவாயை ஏறி இறங்கும்வரை மழையும் ஊசியிலைக் காடும் கூடவே வரும். எல்லன்ஸ்பர்க் தாண்டினால் காடு போய்விடும். வான்டேஜ் பாலத்தில் கொலம்பியா ஆற்றைக் கடந்தால் மழையும் போய்விடும். அங்கிருந்து 26ஆம் எண் நெடுஞ்சாலை. ஒதெல்லோவின் உருளைக்கிழங்கு வயல்கள், வாஷ்டக்னா, டஸ்டி என்று கண்மூடித் திறப்பதற்குள் கடந்துபோகும் ஊர்கள். வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்த எல்லோருக்கும் இந்தச் சாலை மனப்பாடம். நான் முதுகலை படித்தது அங்கேதான். கோவையிலிருந்து வந்து இறங்கிய எனக்கு அமெரிக்கா என்றால் இன்றைக்கும் வானளாவிய கட்டடங்கள் நினைவுக்கு வருவதில்லை. பலூஸ் பகுதியின் இந்தக் கோதுமைக் குன்றுகள்தான் வருகின்றன.

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஃபுட்பால். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம். இந்த நாட்டில் பல்கலைக்கழக அணிகள் கான்பரன்ஸ் எனப்படும் கூட்டமைப்புகளாகச் சேர்ந்து ஆடுகின்றன. ஒரு பருவத்தின் பெரும்பாலான ஆட்டங்கள் அந்தக் கூட்டமைப்புக்குள்ளேயே நடக்கும். அதனால் ஆண்டுதோறும் அதே முகங்கள், அதே ஊர்கள், அதே பழைய கணக்குகள். மேற்குக் கரையின் கூட்டமைப்புக்குப் பெயர் பேக்-12. அதன் வேர் 1915இல் இருக்கிறது. இந்தப் பருவத்தோடு அது சிதறுகிறது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சல்ஸின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களான யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் பிக் டென் கூட்டமைப்புக்குப் போவதாக அறிவித்தன. பிக் டென் 1896இல் தொடங்கிய மத்திய மேற்கு மாநிலங்களின் கூட்டமைப்பு. அது அந்த ஆகஸ்டில் தொலைக்காட்சி நிறுவனங்களோடு 7 ஆண்டுகளுக்குச் சுமார் 700 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. மிச்சமிருந்த பத்துப் பள்ளிகளும் (பல்கலைக்கழகங்களையும் இங்கே பள்ளி என்றுதான் சொல்வார்கள்) தங்களுக்கு ஓர் ஒப்பந்தம் வரும் என்று ஓராண்டு காத்திருந்தன. இந்த ஜூலை இறுதியில் கொலராடோ கிளம்பியது. ஆகஸ்ட் 4 அன்று மட்டும் ஐந்து பள்ளிகள் போய்விட்டன: யூஜீனில் இருக்கும் ஓரிகனும் சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு, அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12 என்ற இன்னொரு கூட்டமைப்புக்கு. செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில் சேர்ந்தன. கடைசியில் நின்றவை இரண்டே இரண்டு: கோர்வாலிஸில் இருக்கும் ஓரிகன் ஸ்டேட், புல்மனில் இருக்கும் எங்கள் வாஷிங்டன் ஸ்டேட்.

இன்று மாலை கோல்ஃபாக்ஸில் வண்டியை நிறுத்தினேன். புல்மனுக்கு முந்தைய ஊர், விட்மன் மாவட்டத்தின் தலைமையிடம். இங்கிருக்கும் மாவட்ட நீதிமன்றத்தில் செவ்வாய்க்கிழமை எங்களுக்குச் சாதகமாக ஒரு தீர்ப்பு வந்தது. போகிறவர்கள் பத்துப் பேரும் போகும் முன்பே கூட்டமைப்பின் நிர்வாகக் குழுவில் வாக்களித்து அதன் பணத்தையும் எதிர்காலத்தையும் தீர்மானிக்கக் கூடாது, அந்த உரிமை தங்கும் இரண்டு பேருக்குத்தான் என்று நீதிபதி இடைக்காலத் தடை வழங்கினார். வழக்கு மேலே போகும். ஆனால் கோடிக்கணக்கான டாலர் புழங்கும் ஒரு நிறுவனத்தின் தலைவிதி மூவாயிரம் பேர் கூட இல்லாத இந்த ஊரில் பேசப்பட்டது எனக்குப் பெரிய ஆறுதல். எங்கள் ஊர்களைக் கணக்கிலேயே எடுக்காதவர்களின் வழக்கறிஞர்கள் எங்கள் ஊருக்கு வந்துதான் ஆகவேண்டியிருந்தது.

நீதிமன்றத்தைவிட நான் அதிக நேரம் நின்றது ஒரு மரத்தூணின் முன்னால். காட்ஜர் போல் என்று பெயர். கிழவர் தூண் என்று வைத்துக்கொள்ளலாம். 65 அடி உயரம். மரக்கட்டைகளை நெட்டுக்கு நிறுத்தி, மேலிருந்து கீழ் வரை வயதான மனிதர்களின் முகங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். அந்தக் காலத்துத் தோல் தலைக்கவசம் அணிந்த முகங்கள். 1938இல் கோல்ஃபாக்ஸ் உயர்நிலைப் பள்ளி பக்கத்து ஊரான செயின்ட் ஜானிடம் ஒரு ஃபுட்பால் ஆட்டத்தில் தோற்றது. அந்தத் தோல்வி ஆறவே இல்லை. 1988இல், ஐம்பது ஆண்டுகள் கழித்து, அன்று ஆடியவர்கள் எழுபதை நெருங்கும் வயதில் மறுபடி களமிறங்கினார்கள். இம்முறை கோல்ஃபாக்ஸ் வென்றது. தூணில் இரண்டு ஊர்க்காரர்களின் முகங்களும் இருக்கின்றன.

பக்கத்து ஊரிடம் தோற்றால்தான் இப்படி ஐம்பது ஆண்டுகள் வலிக்கும். நாலாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு பள்ளியிடம் தோற்றதை யார் மரத்தில் செதுக்குவார்கள்?

நவம்பர் 17, வெள்ளி – மாஸ்கோ, புல்மன்

தங்கியிருப்பது என் சீனியர் ஒருவரின் வீட்டில். கும்பகோணத்துக்காரர்; இங்கே கோதுமை ஆராய்ச்சிக்கு வந்தவர் இங்கேயே இருந்துவிட்டார். ஆட்டம் இரவு ஏழரைக்குத்தான். "தம்பி, அதுவரை வீட்டில் உட்கார்ந்து என்ன செய்யப்போகிறாய்? வா, மாஸ்கோ போய் வருவோம்" என்றார்.

இந்த மாஸ்கோ ஐடஹோ மாநிலத்தில் இருக்கிறது. புல்மனிலிருந்து 13 கிலோமீட்டர். நடுவில் மாநில எல்லை. ஐடஹோ பல்கலைக்கழகம் அங்கே. இரண்டு பள்ளிகளும் மோதும் ஆட்டத்தில் தோற்ற பள்ளியின் மாணவர்கள் இந்த 13 கிலோமீட்டரை நடந்தே கடப்பது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது.

அண்ணன் என்னை அழைத்துப்போனது கிபி டோம் என்ற உள்ளரங்க மைதானத்துக்கு. 1975இல் கூரை போட்டது. வளைந்த கூரை, பதினாறாயிரம் பேர் அளவில்தான் அமரலாம். வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "இவர்களும் நம் கூட்டமைப்பில் இருந்தவர்கள்தான், தெரியும் அல்லவா?"

தெரியும். ஆனால் அதன் அர்த்தம் இந்த ஆண்டுதான் எனக்குள் இறங்கியது. பேக்-12இன் முன்னோடியான பசிபிக் கரைக் கூட்டமைப்பில் ஐடஹோ 1922இல் சேர்ந்தது. யுஎஸ்சி சேர்ந்த அதே ஆண்டு. 1950களில் ஆட்டக்காரர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்த விவகாரம் வெடித்துப் பெரிய பள்ளிகள் ஒன்றையொன்று குற்றம் சாட்டின. 1959இல் கூட்டமைப்பையே கலைத்தார்கள். கலைத்த கையோடு வாஷிங்டன், பெர்க்லி, ஸ்டான்ஃபோர்ட், யுஎஸ்சி, யுசிஎல்ஏ ஐந்தும் புதிதாக ஒன்றைத் தொடங்கின. வாஷிங்டன் ஸ்டேட்டை அப்போதும் வெளியே நிறுத்தினார்கள். 1962இல்தான் எங்களைச் சேர்த்தார்கள். ஓரிகனையும் ஓரிகன் ஸ்டேட்டையும் 1964இல். ஐடஹோவை யாரும் அழைக்கவே இல்லை.

அதன் பிறகு ஐடஹோ பல கூட்டமைப்புகளில் அலைந்தது. 2018இல் முதல் நிலை ஃபுட்பாலிலிருந்து தானாகவே ஒரு படி கீழே இறங்கியது. அந்த முடிவைக் கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அதில் மரியாதைதான் தோன்றுகிறது. பக்கத்து மாநிலத்துப் பள்ளிகளோடு, சில ஊர்களுக்கு பஸ்ஸிலேயே போய்வரக்கூடிய தூரத்தில் ஆடுகிறார்கள். அரங்கம் நிறைகிறது. ஆனாலும் யுஎஸ்சியோடு ஒரே பட்டியலில் இருந்த பள்ளி இது என்பதை இன்றைய மாணவர்களில் எத்தனை பேர் அறிவார்கள் என்று நினைத்தபோது அடிவயிறு கலங்கியது. பதின்மூன்று கிலோமீட்டர் தள்ளி எங்கள் அரங்கம் இருக்கிறது.

திரும்பும் வழியில் குன்றுகளைப் பார்த்தபடி வந்தேன். நவம்பரில் அறுவடை முடிந்த தாள் ஒரு பக்கம், குளிர்காலக் கோதுமையின் பச்சை முளை ஒரு பக்கம். கோடையில் இங்கே பருப்பும் கொண்டைக்கடலையும் விளையும், இந்தியாவுக்கும் கப்பலேறும். படிக்கும் காலத்தில் இந்த மண்ணின் பருப்பில்தான் எங்கள் சாம்பார் கொதித்தது.

பல்கலைக்கழகத்துப் பால்பண்ணைக் கடையில் கூகர் கோல்டு வாங்கினோம். தகர டப்பாவில் அடைத்த வெள்ளைச் செடார் சீஸ். 1930களில் தொடங்கிய ஆராய்ச்சியின் விளைவு. பெயரில் இருக்கும் கோல்டு, அதை உருவாக்கிய பேராசிரியர் கோல்டிங்கின் பெயரிலிருந்து வந்தது. வீட்டுக்கு வந்து அண்ணன் டப்பா திறக்கும் கருவியால் மூடியைச் சுற்றி அறுத்தார். உள்ளே காற்றுப் புகாமல் இருந்த வெண்மஞ்சள் கட்டியைத் தட்டில் கவிழ்த்தால் டப்பாவின் வரிப்பள்ளங்கள் அப்படியே பதிந்திருக்கின்றன. கத்தி இறங்கும்போது ஓரம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அந்தப் பொடியைத்தான் முதலில் எடுத்து வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். உப்பும் லேசான புளிப்பும், கடைசியில் ஒரு காரமும்.

இரவு ஆட்டம். எதிரணி கொலராடோ. முன்னாள் நட்சத்திர ஆட்டக்காரர் டியான் சாண்டர்ஸ் பயிற்சியாளராக வந்ததால் இந்தப் பருவம் முழுக்க நாடே பார்த்த அணி. எங்களை விட்டுப் போகிறவர்களில் ஒருவர். மார்ட்டின் ஸ்டேடியம் வளாகத்தின் நடுவிலேயே இருக்கிறது. விடுதி மாணவர்கள் வகுப்புக்குப் போவது போலவே நடந்து வந்துவிடுவார்கள். முப்பத்து மூவாயிரம் பேர் அளவில் அமரலாம். முதல் நாலு ஆட்டங்களையும் வென்றுவிட்டு வரிசையாக ஆறு தோல்விகளைச் சந்தித்த எங்கள் அணி இன்றைக்கு 56க்கு 14 என்று வென்றது. இடைவேளைக்கு முன்பே ஆட்டம் முடிந்த மாதிரிதான். கடைசிப் பருவ மாணவர்களுக்கு இது சொந்த மண்ணில் கடைசி ஆட்டம். களத்தின் ஓரத்தில் பெற்றோர் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

குளிரில் கால்விரல் மரத்துப்போயிருந்தது. எனக்கு முன் வரிசையில் ஒரு விவசாயக் குடும்பம், பாட்டி முதல் பேத்தி வரை நால்வர். மூன்று தலைமுறையாக சீசன் டிக்கெட் வைத்திருக்கிறார்களாம். எழுந்து போகும்போது அந்தப் பாட்டி திரும்பி "கோ கூக்ஸ்" என்றார். கூகர்ஸ் என்ற எங்கள் அணிப் பெயரின் சுருக்கம். எங்கள் ஆட்களுக்கு வணக்கமும் அதுவே, போய்வருகிறேனும் அதுவே. விமான நிலையத்தில் சிவப்புத் தொப்பியைப் பார்த்து யாரென்றே தெரியாதவர் சொல்வார். நாமும் பதிலுக்குச் சொல்வோம்.

நவம்பர் 18, சனி – கோர்வாலிஸ்

விடியும் முன்பே கிளம்பினேன். பாஸ்கோ வழியாகச் சென்று கொலம்பியா ஆற்றை ஒட்டி ஐ-84இல் மேற்கே, போர்ட்லாண்டில் தெற்கே திரும்பினால் கோர்வாலிஸ். 700 கிலோமீட்டர். ஆட்டம் மாலை நாலரைக்கு.

வழியில் காலை உணவுக்கு நிறுத்திய கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. இஎஸ்பிஎன்னின் சனிக்கிழமைக் காலை ஃபுட்பால் நிகழ்ச்சி இன்று நாட்டின் மறுகோடியில், வர்ஜீனியாவில். மேடைக்குப் பின்னால் கூட்டத்துக்கு மேலே எங்கள் சிவப்புக் கொடி ஆடிக்கொண்டிருந்தது. 2003 முதல் இந்த நிகழ்ச்சி எந்த ஊரில் நடந்தாலும் எங்கள் முன்னாள் மாணவர்கள் யாராவது அந்தக் கொடியை ஏந்திப் போய் நிற்கிறார்கள். சம்பளம் இல்லை, வாரம் தவறியதில்லை. தொலைக்காட்சிக்கு எங்களால் லாபமில்லை என்று கணக்குப் போட்டவர்களின் திரையிலேயே இருபது ஆண்டுகளாக எங்கள் கொடி பறக்கிறது.

தி டாலஸ் வரை புல்வெளிக் குன்றுகள் மொட்டையாக இருந்தன. ஹூட் ரிவர் தாண்டியதும் மழையும் பாசியும் அருவிகளும் வந்துவிட்டன. கோர்வாலிஸ் சேர்ந்தபோது சாரல்.

ஓரிகன் ஸ்டேட் அணிக்கு இது பெருமைக்குரிய பருவம். நாட்டின் முதல் பதினைந்து அணிகளுக்குள் இருக்கிறார்கள். எதிரே வந்தது தோல்வியே காணாத வாஷிங்டன். ரீசர் ஸ்டேடியத்தின் மேற்குப் பக்கத்தை இடித்து, 16 கோடி டாலர் அளவில் செலவு செய்து கட்டி, இந்த ஆண்டுதான் முழுமையாகத் திறந்தார்கள். உள்ளே நுழைந்தால் கான்கிரீட் இன்னும் புதிதாக வெளுத்திருக்கிறது. கைப்பிடிகளில் கீறல்கூட இல்லை. எந்தக் கூட்டமைப்பின் ஆட்டங்களை நம்பிக் கட்டினார்களோ அது கட்டடம் முடிந்த அதே கோடையில் போய்விட்டது.

என் சிவப்பு மேல்சட்டையைப் பார்த்ததும் பக்கத்து இருக்கைக்காரர் நகர்ந்து இடம் விட்டார். ஆரஞ்சு நிறத் தொப்பி, ஓய்வுபெற்ற மரத் தொழிலாளி. செப்டம்பரில் புல்மனில் நாங்கள் 38க்கு 35 என்று அவர்களைத் தோற்கடித்தோம். அதைச் சொல்லிச் சிரித்தார். "உங்களிடம் தோற்றது வலிக்கவே இல்லை" என்றார். சென்ற ஆண்டு வரை நாங்கள் வெறும் எதிரணிகள். இப்போது பங்காளிகள் ஆகிவிட்டோம்.

அவர் கேட்ட ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "நாங்கள் எதில் குறைந்துபோனோம்?" களத்தில் குறைந்துபோகவில்லை என்பதற்கு இந்த ஆட்டமே சாட்சி. முக்கியமான தருணங்களில் அரங்கத்தில் ரம்பம் உறுமும் ஒலியைப் போடுகிறார்கள்; மரம் வெட்டும் ஊருக்கு ஏற்ற முழக்கம். மழையில் நனைந்துகொண்டே முப்பத்தைந்தாயிரம் பேர் கத்தினார்கள். கடைசி நிமிடம் வரை இழுபறி. முடிவில் வாஷிங்டன் 22, ஓரிகன் ஸ்டேட் 20.

குறைந்தது வீடுகளின் எண்ணிக்கையில். தொலைக்காட்சி நிறுவனம் கேட்பது அந்த நகரத்தில் எத்தனை வீடுகள் என்றுதான். சியாட்டில் பெருநகரம், அதனால் வாஷிங்டனுக்கு இடம். ஓரிகன் இருக்கும் யூஜீன் பெரிய ஊர் அல்ல. ஆனால் நைக்கி நிறுவனர் ஃபில் நைட் தான் படித்த பள்ளிக்கு அள்ளிக் கொடுத்து நாடறிந்த பெயராக்கிவிட்டார். புல்மனும் கோர்வாலிஸும் விவசாயத்தையும் பொறியியலையும் சாதாரண வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அரசு நிலம் கொடுத்துத் தொடங்கிய பள்ளிகளின் ஊர்கள். சிறிய ஊரில் இருப்பது அந்தப் பள்ளிகளின் வேலை. அதற்காகவே அவற்றைத் தண்டிப்பது அநியாயம். இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு மனமில்லை.

நவம்பர் 19, ஞாயிறு – போர்ட்லாண்ட்

வீடு திரும்பும் வழி. 1915 டிசம்பரில் இந்த நகரத்து ஹோட்டல் ஒன்றில் நாலு பள்ளிகள் கூடித்தான் கூட்டமைப்பைத் தொடங்கின: பெர்க்லி, வாஷிங்டன், ஓரிகன், இன்று ஓரிகன் ஸ்டேட் எனப்படும் வேளாண் கல்லூரி. அந்த நால்வரில் இப்போது வீட்டில் இருப்பது வேளாண் கல்லூரி மட்டும்.

ஆற்றங்கரையில் சிறிது நேரம் நடந்தேன். மழை விடவில்லை. சியாட்டிலுக்கு மூன்று மணி நேரம்.

நவம்பர் 25, சனி – சியாட்டில்

நேற்று யூஜீனில் ஓரிகன் 31, ஓரிகன் ஸ்டேட் 7. டிவியில் பார்த்தேன். 1894 முதல் மோதிவரும் பள்ளிகள். இரண்டுக்கும் இடையே காரில் ஒரு மணி நேரம்கூட இல்லை. இன்று காலை அடுத்த செய்தி: ஓரிகன் ஸ்டேட்டின் பயிற்சியாளர் ஜொனாதன் ஸ்மித் மிச்சிகன் ஸ்டேட்டுக்குப் போகிறார். அதுவும் பிக் டென். அவர் ஓரிகன் ஸ்டேட்டிலேயே படித்து, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்காக ஆடி, பருவத்தின் முடிவில் நடக்கும் 2001 ஃபியஸ்டா பவுல் ஆட்டத்தில் நோட்ர டேம் அணியை 41க்கு 9 என்று வீழ்த்தியவர். ரீசரில் எனக்கு இடம் விட்ட பெரியவரை நினைத்துக்கொண்டேன்.

இன்று ஆப்பிள் கப். வாஷிங்டனும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மோதும் ஆட்டம். முதல் ஆட்டம் 1900இல். ஆப்பிள் கப் என்ற பெயர் 1962 முதல். எங்கள் மாநிலத்தில் இது வீட்டுக்குள் நடக்கும் விவகாரம். என் வீட்டிலும் அப்படித்தான். மகள் வாஷிங்டனில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளுக்கு ஊதா, எனக்குச் சிவப்பு. இரண்டு பேரும் ஒரே ரயிலில் போனோம்.

ஹஸ்கி ஸ்டேடியம் வாஷிங்டன் ஏரியின் கரையில் இருக்கிறது. படகிலேயே வந்து கட்டிவிட்டு ஆட்டம் பார்க்கிறவர்கள் உண்டு. இன்று வானம் தெளிந்து ஏரிக்கு அப்பால் மலைகள் தெரிந்தன. இதைவிட அழகான அரங்கம் கல்லூரி ஃபுட்பாலில் இல்லை என்பதை எதிரணிக்காரனாகவே ஒப்புக்கொள்கிறேன்.

உள்ளே போகும் வரிசையில் மகள் தன் அறைத்தோழியைப் பற்றிச் சொன்னாள். அந்தப் பெண் சாஃப்ட்பால் ஆடுகிறவள். இப்போது ஓரிகனுக்கும் கலிபோர்னியாவுக்கும் போய்வருகிறாள். பிக் டென்னில் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் இருக்கிறது, மேரிலாந்து இருக்கிறது. "ஆய்வகத் தேர்வு நாளில் விமானத்தில் இருக்க வேண்டியிருக்குமோ என்று இப்போதே கவலைப்படுகிறாள், அப்பா."

இதைத்தான் யாரும் பேசுவதில்லை. ஃபுட்பால் அணி வாரத்துக்கு ஒரு நாள் ஆடுகிறது. தனி விமானத்தில் போகும், வரும். சாஃப்ட்பால், கைப்பந்து ஆடும் பிள்ளைகள் வார நாட்களிலும் பயணம் போகிறவர்கள். அவர்களுக்குத் தொலைக்காட்சிப் பணம் கிடையாது. பெர்க்லியின் கைப்பந்துப் பெண்கள் இனி பாஸ்டனுக்குப் போக வேண்டும். வான்வழியே 4,300 கிலோமீட்டர். ஃபுட்பாலை மட்டும் தனியே பிரித்து எங்கே வேண்டுமானாலும் அனுப்பிவிட்டு மற்ற விளையாட்டுகளை அக்கம்பக்கத்திலேயே வைத்திருக்கலாம். அதற்கு எந்தத் தடையும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை, மனம் இல்லாததைத் தவிர.

"போனது தப்பு என்று சொல்கிறீர்களா?" என்று கேட்டாள்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. செய்திகளில் வந்த கணக்கு இது: ஆப்பிள் நிறுவனம் பேக்-12க்குக் கொடுக்க முன்வந்தது பள்ளிக்கு ஆண்டுக்கு இரண்டரைக் கோடி டாலரை ஒட்டி, சந்தா கூடினால் கூடுதல். பிக் டென்னில் வாஷிங்டனுக்கும் ஓரிகனுக்கும் முழுப் பங்கு கிடையாது. தொடக்கத்தில் சுமார் மூன்று கோடி. இந்த இடைவெளிக்காக 108 ஆண்டுகள். பாதுகாப்பு வேண்டும் என்று நினைத்தார்கள், அது புரிகிறது. தங்கினால் நாளை தாங்களும் நடுத்தெருவில் நிற்போம் என்ற பயம். அதற்கு முன் பேக்-12இன் தலைமை வாய்ப்புகளைக் கோட்டை விட்டதும் உண்மை: சொந்தமாக 2012இல் தொடங்கிய தொலைக்காட்சி பல வீடுகளுக்குப் போய்ச் சேரவே இல்லை, பிக் 12 அவசரமாகத் தன் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டபோது இவர்கள் இன்னும் நல்ல விலை வரும் என்று காத்திருந்தார்கள். ஆனாலும் தப்புதான் என்றேன். "ஒரே மாநிலத்தின் வரிப்பணத்தில் நடக்கும் இரண்டு பள்ளிகள், கண்ணு. ஒன்று போகும்போது மற்றதைப் பற்றி ஒரு வார்த்தையாவது யோசித்திருக்க வேண்டும்." அவள் மறுக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆட்டத்தைப் பற்றி எழுத வேண்டும். எங்கள் அணி ஏழு தோல்விகளோடு முடிக்கப்போகிறது என்று எல்லோரும் சொன்ன நாளில், வெல்ல முடியாத வாஷிங்டனைக் கடைசிக் கால்பகுதியில் 21க்கு 21 என்று நிறுத்திவைத்தார்கள். ஒரு நிமிடம் சொச்சம் மிச்சம். வாஷிங்டனுக்குக் கடைசி முயற்சியான நாலாவது முயற்சி, பந்தைத் தக்கவைக்க ஒரு கெஜம் தேவை. தங்கள் பக்கத்து 29 கெஜக் கோட்டில் நிற்கிறார்கள். அங்கே தவறினால் பந்து எங்களுக்கு; கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுக்கும் ஒரு ஃபீல்ட் கோல் போதும், அவர்களின் கனவுப் பருவம் முடிந்தது. பந்தை எங்கள் பக்கம் தூரமாக உதைத்து அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். உதைக்கவில்லை. பந்தை ரோம் ஒடுன்சேவின் கையில் கொடுத்தார்கள். எங்கள் ஆட்கள் நடுவில் குவிந்திருக்க, அவர் இடது ஓரமோ வலது ஓரமோ என்று நான் உணர்வதற்குள் வெட்டவெளியில் ஓடிக்கொண்டிருந்தார். 23 கெஜம். கடைசி நொடியில் கிரேடி கிராஸ் 42 கெஜத்திலிருந்து உதைத்தார். பந்து கம்பங்களுக்கு நடுவே போவதை நான் பார்க்கவில்லை. என்னைச் சுற்றி எழுந்த ஊதாக் கூட்டத்தின் சத்தத்தில் தெரிந்துகொண்டேன். 24க்கு 21.

அந்த ஒரு முடிவுக்குத் துணிவு வேண்டும். அதைக் கொடுத்தது பக்கத்து வீட்டுக்காரனிடம் தோற்கக் கூடாது என்ற வெறி என்றுதான் நான் நம்புகிறேன்.

மகள் குதித்துவிட்டு, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "நிறுத்தாதே, கொண்டாடு" என்றேன்.

டிசம்பர் 1, வெள்ளி – லாஸ் வேகஸ்

பேக்-12 இறுதிப் போட்டி. ஓரிகனும் வாஷிங்டனும். எங்கள் அணி இல்லை. ஆனால் கூட்டமைப்பின் பெயர் களத்தில் எழுதப்பட்டிருக்கும் இந்த ஆட்டத்தை நேரில் பார்க்காவிட்டால் மனம் ஆறாது என்று மகளோடு பறந்து வந்தேன். அலீஜியன்ட் ஸ்டேடியம் கறுப்புக் கண்ணாடிக் கட்டடம், உள்ளே குளிரூட்டல். நெவாடாவில் பேக்-12 பள்ளி எதுவும் கிடையாது. நடைபாதைகளில் பச்சையும் ஊதாவும் நிறைந்திருந்தாலும் ஆங்காங்கே யூட்டாவின் சிவப்பும் அரிசோனாவின் நீலமும், ஓர் ஆரஞ்சுத் தொப்பியும் கண்ணில் பட்டன. அவர்களும் என்னைப் போலத்தான் வந்திருப்பார்கள்.

ஓரிகன் வெல்லும் என்றே பந்தயக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். வாஷிங்டன் 34, ஓரிகன் 31. நல்ல ஆட்டம். மேற்குக் கரையில் இத்தனை ஆண்டுகளில் இவ்வளவு நல்ல ஃபுட்பால் ஆடப்பட்டதில்லை என்று சொல்லுமளவுக்கு இந்தப் பருவம் இருந்தது. அதே பருவத்தில்தான் இதை முடிக்கிறார்கள். கோப்பையை வாங்க மேடை ஏறியவர்களுக்கு நான் மனதாரக் கைதட்டினேன். அந்தப் பிள்ளைகள் யாரையும் விட்டுப்போக முடிவெடுக்கவில்லை.

ஆப்பிள் கப் முடிந்த கையோடு இன்னொரு செய்தி வந்தது. அடுத்த ஐந்தாண்டுகளுக்கு, 2028 வரை, அந்த ஆட்டம் தொடரும். அடுத்த செப்டம்பர் 14 அன்று சியாட்டிலின் லூமன் ஃபீல்டில். நவம்பர் குளிரிலிருந்து செப்டம்பர் வெயிலுக்கு நகர்ந்துவிட்டது, பரவாயில்லை, நடக்கிறது. ஓரிகன் ஸ்டேட்டும் நாங்களும் அடுத்த ஆண்டு மவுண்டன் வெஸ்ட் கூட்டமைப்பின் அணிகளோடு ஆடுவதற்கான ஒப்பந்தமும் இன்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. பேக்-12 என்ற பெயரை விடப்போவதில்லை என்று இரண்டு பள்ளிகளும் சொல்கின்றன.

விடுதிக்குத் திரும்பும் வழியில் மகள் கேட்டாள்: "மவுண்டன் வெஸ்டில் யார் யார், அப்பா?" வயோமிங், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட், ஹவாய், பாய்சி ஸ்டேட் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பாய்சி ஐடஹோவின் தலைநகர். புல்மனிலிருந்து 95ஆம் எண் சாலையில் தெற்கே ஐந்தாறு மணி நேரம். பாதி வழியும் ஆற்றை ஒட்டி, மலைக்கு நடுவே போகும். அவர்களின் மைதானத்தில் புல் நீல நிறம். இதுவரை டிவியில்தான் பார்த்திருக்கிறேன். அந்த அரங்கத்தில் எங்கள் ஆட்டம் எந்த ஆண்டு வைத்தாலும் அண்ணனையும் ஏற்றிக்கொண்டு காரிலேயே போவதாக இருக்கிறேன். டிக்கெட் எடுத்ததும் எழுதுகிறேன்.